அப்பாவின் எம்ப்ளாய்மென்ட் கார்டும் ரெண்டு சட்டப் பிரிவும்

இந்தப் போகிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். நான் பரண் மேல ஏறி நின்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கீழே கொடுக்க, அம்மா அதை 'வச்சுக்கறது', 'எரிக்கறது'ன்னு ரெண்டு கும்பலாப் பிரிக்க, அப்பா பின்னாடியே வந்து எரிக்கிற கும்பலில் இருந்து பாதியை உருவி மறுபடி வச்சுக்கிற கும்பலில் சேர்க்க... உங்க வீட்லயும் இதே கதைதானே?

அப்படி உருவினதில் ஒரு பழைய ரெக்சின் பை. உள்ளே அப்பாவோட ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழ், ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடிச்சதுக்கான சான்றிதழ், அப்புறம் மடிச்சு மடிச்சு நாலு துண்டாகப் போற நிலைமையில் ஒரு அட்டை. எம்ப்ளாய்மென்ட் கார்டு. 1987-ல் பதிஞ்சது. அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெனியூவல் சீல். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஏழு. கடைசி சீல் 2008.

"தீபாவளிக்குத் துணி எடுக்க மறந்தாலும் இதை ரெனியூவல் பண்ண மறக்க மாட்டாரு உங்கப்பா. ஒரே ஒரு தடவைதான் விட்டுப் போச்சு, உங்க ஆச்சி ஆஸ்பத்திரில இருந்தப்போ. அதுக்கு ஒரு வாரம் சோறு இறங்கல மனுஷனுக்கு" - இது அம்மா.

அப்பா ஒண்ணும் சொல்லாம கார்டை வாங்கிப் பைக்குள்ள வச்சுட்டார். அந்தக் கார்டால அவருக்கு வந்தது மொத்தம் ஒரே ஒரு கால் லெட்டர். 1994-ல். போனார், வரிசையில் நின்னார், இன்டர்வியூ முடிச்சு வந்தார். அதுக்கப்புறம் அங்கேருந்து எந்தத் தகவலும் இல்லை. அவர் மோட்டார், பம்புசெட் ரிப்பேர் கடை வச்சுத்தான் என்னைப் படிக்க வச்சார்.

சென்னைக்குத் திரும்பின பிறகும் அந்த ஏழு சீல் மனசை விட்டுப் போகலை. இந்த எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்னு ஒண்ணை யார், எதுக்காக ஆரம்பிச்சாங்க? நமக்குப் 'பதிவு'ன்னா இப்படி உக்காந்து எழுதுறது. எங்கப்பா தலைமுறைக்குப் பதிவுன்னா அது ஒண்ணுதான். சரி, ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த நாட்கள்ல தேடிப் படிச்சேன். படிச்சதை இங்கே கொட்டுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

* * *

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்குது. 1909-ல் அங்கே தொழிலாளர் பரிமாற்ற நிலையங்கள் சட்டம்னு ஒண்ணு வந்தது. அப்போ வர்த்தக வாரியத்தின் அமைச்சர் யார் தெரியுமா? நம்ம காந்தியை 'அரை நிர்வாணப் பக்கிரி'ன்னு பின்னாளில் சொன்ன அதே வின்ஸ்டன் சர்ச்சில்! திட்டத்துக்கு மூளையா இருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். 1910 பிப்ரவரி 1-ம் தேதி முதல் நிலையங்கள் திறந்தன. வேலை தேடி ஒவ்வொரு ஃபேக்டரி வாசலாக அலையாம, ஒரே இடத்தில் பேர் கொடுத்தா போதும். ஆள் வேணும்கிற முதலாளியும் அங்கேயே வந்து கேட்கலாம். ஐடியா அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் செஞ்ச காரியம்தான் முக்கியம். 1911-ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்து, சில தொழில்களில் இருந்தவங்களுக்கு வேலையில்லாக் காலத்துக்குப் பணம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பணத்தை அந்த நிலையத்துக்குப் போய்த்தான் வாங்கணும். அதாவது பதிவும் பணமும் ஒரே ஜன்னலில். வேலை கிடைக்கிற வரைக்கும் அடுப்பு எரியணும்ல? அதுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலையின்மை பற்றி ஒரு உடன்படிக்கை போட்டது. இலவச அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் வைக்கணும்னு அதில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1921-ல் அதை ஏத்துக்கிட்டு, 1938-ல் அதிலிருந்து விலகிடுச்சு. நடுவில் 1931-ல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷனும் இப்போதைக்கு இது வேண்டாம்னுதான் சொன்னது. விடிஞ்சா மில் வாசலில் ஆள் கூட்டமா நிக்கும்போது ஆள் பிடிச்சுக் கொடுக்க எதுக்கு ஒரு ஆபீஸ்ங்கிறது அன்னிக்கு இருந்த எண்ணம்.

அப்புறம் என்ன மாறிச்சு? ரெண்டாம் உலகப் போர்.

போருக்குத் துப்பாக்கி மட்டும் போதாதே. லேத் ஓட்ட, வெல்டிங் வைக்க, எஞ்சின் பிரிச்சு மாட்ட ஆள் வேணும். 1940-ல் ஒரு அவசரச் சட்டம் போட்டுத் தொழில்நுட்பம் தெரிஞ்சவங்களைப் போர் வேலைக்குத் திருப்பினாங்க. அவசர அவசரமாப் பயிற்சி மையங்கள் ஆரம்பிச்சாங்க. 1941-ல் இருந்து இந்தியத் தொழிலாளிகளைத் தொகுதி தொகுதியா இங்கிலாந்துக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தாங்க. அங்கே தொழிலாளர் துறை மந்திரியா இருந்த எர்னஸ்ட் பெவின் பேரில் அவங்களுக்கு 'பெவின் பாய்ஸ்'னு பேரு. அன்னிக்கு ஒருத்தரைப் பார்த்து 'நீ படிச்சு முடி, வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்'னு யாரும் சொல்லலை. வேலை முதல்ல இருந்தது. அதுக்காகத்தான் பயிற்சி வந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

போர் முடியும்போது நேரெதிர் பிரச்சினை. இந்திய ராணுவத்தில் அப்போ சுமார் 25 லட்சம் பேர். அத்தனை பேரையும் திடீர்னு வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்? அதுக்காக 1945 ஜூலையில் ஒரு இயக்குநரகம் தொடங்கினாங்க. பேரு 'மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு'. அந்தச் சமயத்தில் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை யார் கையில் இருந்தது தெரியுமா? டாக்டர் அம்பேத்கர் கையில். 1942-ல் இருந்து 1946 வரை அவர்தான் அந்தத் துறைக்குப் பொறுப்பு.

வீடு திரும்புற சிப்பாயின் பேரைப் பதியணும், என்ன தெரியும்னு கேக்கணும், தெரியாததைச் சொல்லிக் கொடுக்கணும், வேலையில் சேர்த்து விடணும். நாலு வேலையும் ஒரே கூரைக்குக் கீழே. 1947-ல் பிரிவினை வந்து அகதிகள் குவிஞ்சப்போ அவங்களுக்கும் இதே ஆபீஸ்தான். 1948-ல் எல்லாருக்கும் கதவைத் திறந்து விட்டாங்க.

ஆக, எங்கப்பா கையில் இருந்த கார்டு, போர் முடிஞ்சு வந்த சிப்பாய்க்காகத் தைச்ச சட்டை. அவசரத்துக்குத் தைச்சதை நிரந்தரமாப் போட்டுக்கிட்டோம்.

* * *

நிரந்தரம் ஆனதுக்குக் காரணம் ஒரு கமிட்டி. 1952-ல் பி. சிவராவ் தலைமையில் போட்டாங்க. இவர் நம்ம சென்னைக்கு நெருக்கமானவர். பத்திரிகையாளர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். 1918-ல் பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளிகளுக்காக வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து நடத்தினாங்களே, அந்தச் சங்கம்தான். இந்த அமைப்பு நிரந்தரமா இருக்கட்டும், அன்றாட நிர்வாகத்தை மாநிலங்கள் பார்த்துக்கட்டும்னு கமிட்டி சொன்னது. 1956 நவம்பர் 1-ம் தேதி அது நடந்தது. ஆமாங்க, மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே நாள்.

இன்னொரு பக்கம் பயிற்சி. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம்னு ஆரம்பிச்சு நாடு முழுக்க சுமார் 50 ஐ.டி.ஐ.க்கள் திறந்தாங்க. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன்னு நாம இன்னிக்கும் சொல்ற டிரேடு எல்லாம் அதில் வந்ததுதான்.

இதுக்கப்புறம்தான் தலைப்பில் சொன்ன ரெண்டு சட்டம்.

முதல் சட்டம் 1959-ல் வந்தது. காலியிடங்களைக் கட்டாயமா அறிவிக்கச் சொல்ற வேலைவாய்ப்பு நிலையச் சட்டம். 1960 மே 1-ல் இருந்து அமல். அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனங்களும் காலியிடம் வந்தா எம்ப்ளாய்மென்ட் ஆபீஸுக்குச் சொல்லியாகணும். சொல்லாட்டி முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவை 1000 ரூபாய் வரை. படிக்கும்போது 'அட, பரவாயில்லையே'ன்னு தோணுது இல்ல? கொஞ்சம் இருங்க. அதே சட்டத்தின் 4-வது பிரிவுக்குள்ளே ஒரு வரி இருக்கு. காலியிடத்தை அறிவிச்சதாலேயே, அந்த ஆபீஸ் மூலமாத்தான் ஆள் எடுக்கணும்கிற கட்டாயம் முதலாளிக்குக் கிடையாது!

ரெண்டாவது சட்டம் 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம். 1962 மார்ச் 1-ல் இருந்து அமல். கம்பெனிகள் ஐ.டி.ஐ. முடிச்ச பசங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, மெஷின் பக்கத்தில் நிக்க வச்சுக் கத்துக் கொடுக்கணும். நல்ல சட்டம். 1973-ல் டிப்ளமோ, டிகிரி இன்ஜினியர்களையும் இதில் சேர்த்தாங்க. ஆனா இதோட 22-வது பிரிவைப் பாருங்க. ஒப்பந்தத்தில் தனியா எழுதியிருந்தா ஒழிய, பயிற்சி முடிச்சவருக்கு வேலை கொடுக்கணும்கிற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. கூடவே, கொடுக்கிற வேலையில் சேரணும்கிற கட்டாயம் அப்ரண்டிஸுக்கும் இல்லையாம். எவ்வளவு பெருந்தன்மை பாருங்க :-)

எங்கப்பா இந்த ரெண்டு சட்டத்துக்குள்ளேயும் போயிட்டு வந்தவர். ஒரு பெரிய ஃபேக்டரியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ். கடைசி நாள் சான்றிதழைக் கொடுத்துக் கை குலுக்கி அனுப்பிட்டாங்க. 22-வது பிரிவு. அடுத்த வாரமே பஸ் ஏறி ஜில்லா தலைநகருக்குப் போய் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பேரைப் பதிஞ்சார். 4-வது பிரிவு. ரெண்டு பிரிவையும் அவர் படிச்சதில்லை. 38 வருஷம் கழிச்சு அவர் மகன் உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கேன்.

* * *

சரி, கட்டாயம் இல்லாத ஒரு ஏற்பாட்டை எதுக்கு லட்சக்கணக்கான பேர் நம்பினாங்க? காரணம் இருந்தது. சட்டத்தில் இல்லாததை அரசு தன்னோட உத்தரவுகளில் வச்சிருந்தது. பெரும்பாலான அரசு வேலைகளுக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் அனுப்புற லிஸ்ட்டில் இருந்துதான் ஆள் எடுக்கணும்கிற உத்தரவு அது. பதிவு மூப்புப்படி கார்டு போகும். பொட்டி தட்டுறவங்களுக்குச் சுலபமாப் புரியும்: முதல்ல வந்தவன் முதல்ல வெளியே போற க்யூ. மூணு வருஷத்துக்கு ஒரு ரெனியூவல்தான் நீங்க இன்னும் க்யூவில் உயிரோட இருக்கீங்கன்னு காட்டுற சிக்னல். அதை விட்டா மூப்பு போச்சு. மறந்தவங்களுக்காக அரசாங்கம் அப்பப்போ சலுகை அறிவிக்கும். எங்கப்பாவும் ஆச்சி ஆஸ்பத்திரியில் இருந்தப்போ விட்டதை அப்படி ஒரு சலுகையில்தான் மீட்டார். நம்ம ஊரில் வாத்தியார் வேலையே நெடுங்காலம் இந்த மூப்புப்படிதான் போச்சு.

இந்த ஏற்பாடு 1987-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஹர்கோபால் வழக்கு. கோர்ட் ரெண்டு விஷயம் சொன்னது. ஒண்ணு, சட்டப்படி முதலாளிக்குக் கட்டாயம் கிடையாது. ரெண்டு, ஆனாலும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் மூலமா மட்டுமே எடுக்கணும்னு அரசு தனக்குத் தானே விதி போட்டுக்கிட்டதில் தப்பில்லை. இல்லேன்னா ஆளைத் தெரிஞ்சவனுக்கும் உறவுக்காரனுக்கும்தானே வேலை போகும்? இந்த வழியில் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பாவது இருக்கு. அப்பா கார்டு வாங்கின அதே வருஷம் வந்த தீர்ப்பு. அன்னிக்கு அவர் நம்பிக்கை தப்பு இல்லை.

அப்புறம் 1991. கதை உங்களுக்கே தெரியும். அந்நியச் செலாவணி நெருக்கடி, தங்கம் அடகு, புதிய பொருளாதாரக் கொள்கை. கதவைத் திறந்தா சில ஆலைகள் மூடும், ஆட்கள் வெளியே வருவாங்கன்னு அரசுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. அதனால 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பிப்பு நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வேலை போற தொழிலாளிக்கு ஆலோசனை, மறுபயிற்சி, மாற்று வேலைன்னு காகிதத்தில் பிரமாதமான திட்டம். 1945-ல் சிப்பாய்களுக்குச் செஞ்சதே கிட்டத்தட்ட இதுதானே?

ஆனா பணம் எங்கே போச்சுன்னு பாருங்க. பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் வி.ஆர்.எஸ்.ஸுக்கு. அதாவது ஆளை வீட்டுக்கு அனுப்புறதுக்கு. மறுபயிற்சிக்குப் போனது சொற்பம். அந்தப் பயிற்சிக்கு அப்புறம் வேலை கிடைச்சவங்க அதிலும் சொற்பம். 2000-ல் அந்த நிதியையே மூடிட்டாங்க. அதுக்குப் பதிலா 2001-02-ல் பொதுத்துறை ஊழியர்களுக்குன்னு சின்னதா ஒரு மறுபயிற்சித் திட்டம் வந்தது.

தனியார் மில்காரங்களுக்கு? சிவராவ் சங்கத்தில் வேலை பார்த்தாரேன்னு சொன்னேனே, அந்த பி அண்டு சி மில் 1996-ல் மூடிட்டாங்க. தறி ஓட்டத் தெரிஞ்ச கை, நாற்பது வயசுக்கு மேலே, திடீர்னு தெருவில் நிக்குது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் போய்ப் பதிஞ்சா க்யூவில் கடைசி ஆள்.

அதே 1996 ஆகஸ்டில் இன்னொண்ணும் நடந்தது. விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் லிஸ்ட்டோட நிறுத்திக்கக் கூடாது, பேப்பரிலும் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பிக்கிற எல்லாரையும் சேர்த்துப் பரிசீலிக்கணும்னு சொல்லிடுச்சு. நியாயமான தீர்ப்புதான். லிஸ்ட்டில் பேர் வராத ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள ஒருத்தரை எப்படித் தள்ளி வைக்க முடியும்? ஆனா இதோட அர்த்தம் என்ன? லெட்டர் வரும்னு வீட்டில் காத்திருக்கிறதை விட்டுட்டு, இனி நீயே பேப்பரைப் பார்த்து அப்ளை பண்ணணும். தமிழ்நாட்டில் சில வேலைகளுக்கு மூப்பு அதுக்கப்புறமும் நீடிச்சதுங்கிறது உண்மை. ஆனா அடியில் இருந்த தூண் ஆடிருச்சு.

அப்பாவோட கார்டில் 1996 ஜூனில் ஒரு சீல் இருக்கு. தீர்ப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடி. தீர்ப்புக்கு அப்புறம் நாலு சீல் இருக்கு. அந்த நாலு தடவையும் சீல் குத்தின ஆபீஸில் ஒருத்தர்கூட, "அண்ணே, விதி மாறிருச்சு, இதை மட்டும் நம்பி இருக்காதீங்க, பேப்பர் விளம்பரத்தையும் பாருங்க"ன்னு சொல்லலை. நான் போனில் கேட்டேன். "யாரும் சொல்லலையேடா. லெட்டர் வரும்னுதான் இருந்தேன்"னு சாதாரணமாச் சொல்லிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்குன்னு வச்சுட்டார்.

எனக்கு இந்த மொத்தக் கதையில் வயித்தெரிச்சல் இங்கேதான். வேலை கொடுக்க முடியலைங்கிறது வேற விஷயம். எல்லாருக்கும் எந்த அரசாலும் கொடுக்க முடியாது. ஆனா க்யூ எங்கேயும் போகலைன்னு தெரிஞ்ச பிறகும், நிக்கிறவங்க கிட்டே அதைச் சொல்லாம டோக்கன் கொடுத்துக்கிட்டே இருக்கலாமா?

* * *

இப்போ நம்ம காலம். 2009-ல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை வந்தது. 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சின்னு இலக்கு. 2014-ல் தனி அமைச்சகம். 2015 ஜூலையில் பிரதமர் பேரில் பயிற்சித் திட்டம். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டில் நான் முதல்வன். சான்றிதழ்களுக்குப் பஞ்சமே இல்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வு 2015 ஏப்ரலில் நடந்தது. 1945-ல் இருந்து மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் ஒண்ணா இருந்த வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் பிரிச்சாங்க. பயிற்சி புது அமைச்சகத்துக்குப் போச்சு. வேலைவாய்ப்பு பழைய இடத்திலேயே நின்னது. எழுபது வருஷம் ஒரே கூரையில் இருந்தும் பேசிக்காதவங்க, இப்போ தனிக்குடித்தனமே போயிட்டாங்க. (தமிழ்நாட்டில் துறையின் பேரு இன்னும் 'வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சி'தான்.)

சட்டங்களும் கொஞ்சம் மாறியிருக்கு. 2014-ல் 22-வது பிரிவைத் திருத்தினாங்க. அப்ரண்டிஸ் முடிச்சவங்களை வேலைக்கு எடுக்கிறது பற்றி ஒவ்வொரு முதலாளியும் சொந்தமா ஒரு கொள்கை வகுத்துக்கணுமாம். கொள்கை என்ன சொல்லணும்கிறது அவங்க இஷ்டம். 1959 சட்டம் 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ளே போயிருச்சு. 2025 நவம்பர் 21-ல் அது அமலுக்கு வந்தப்போ, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் புதுப் பேரு: 'கேரியர் சென்டர்'.

தமிழ்நாட்டில் 2006-ல் இருந்து பதிவு பண்ணி அஞ்சு வருஷம் காத்திருக்கிறவங்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. ஆனா இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பு படிச்சவங்களுக்குக் கிடையாது. நமக்கெல்லாம் வேலை போகவே போகாதுங்கிற நம்பிக்கை போல, ஹி ஹி.

அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது, 2023 வரைக்கும். ப்ராஜெக்ட் முடிஞ்சது, என்னைப் பெஞ்சில் போட்டாங்க. முதல் வாரம் ஜாலியாத்தான் இருந்தது. அப்புறம் டேமேஜர் கூப்பிட்டு "அப்ஸ்கில் பண்ணிக்கோ, போர்ட்டல்ல எல்லாம் இருக்கு"ன்னார். பண்ணினேன். ரெண்டு மாசத்தில் 14 கோர்ஸ், 14 சான்றிதழ். அதை வச்சு உள்ளேயே ப்ராஜெக்ட் தேடினா எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "இதில் ரியல் டைம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" ப்ராஜெக்ட் கொடுத்தாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்! அறுபதாவது நாள் எச்.ஆர். கூப்பிட்டு, நீயே பேப்பர் போட்டுடு, அதான் உனக்கு நல்லதுன்னாங்க. போட்டேன். வீட்டில் மூணு மாசம் சொல்லலை. அப்பா போன் பண்ணினப்போ எல்லாம் ஆபீஸில் இருக்கிற மாதிரியே பேசினேன்.

அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை பயிற்சி கொடுத்து 21 வருஷம் க்யூவில் நிக்க வச்சாங்க. எனக்கு 14 பயிற்சி கொடுத்து அறுபது நாளில் அனுப்பிட்டாங்க. வேகம்தான் கூடியிருக்கு. ரெண்டு பேர் கையிலும் சான்றிதழ் இருந்தது. ரெண்டு சான்றிதழுக்குப் பின்னாடியும் 'கட்டாயம் இல்லை'ங்கிற அந்த வரி இருந்தது.

கட்டாயமா வேலை கொடுன்னு சட்டம் போட்டா முதலாளி பயிற்சியே கொடுக்க மாட்டான்னு சொல்வாங்க. அதிலும் உண்மை இருக்கு. நான் கேட்கிறது அது இல்லை. போர்க்காலத்தில் செஞ்சாங்களே, அந்த வரிசை: முதல்ல எங்கே, என்ன வேலைன்னு தெரியும். அப்புறம் அதுக்குப் பயிற்சி. இங்கிலாந்தில் செஞ்சாங்களே, அந்த ஜன்னல்: இடைப்பட்ட காலத்துக்குக் கொஞ்சம் பணம். இந்த ரெண்டும் முடியாட்டிப் பரவாயில்லை, க்யூ எங்கே போகுதுன்னு உண்மையைச் சொல்ல ஒரு ஆள். ஒவ்வொரு தடவை பொருளாதாரம் திசை மாறும்போதும் இந்த மூணையும் விட்டுட்டு நாம சுலபமாச் செய்றது சான்றிதழ் அச்சடிக்கிறதுதான். இப்போ செயற்கை நுண்ணறிவு வருது, எல்லாரும் மறுபயிற்சி எடுங்கன்னு மறுபடி அதே குரல் கேக்குது. அதான் இவ்வளவு பழைய கதையைக் கிளறினேன்.

கடைசியா ஒண்ணு. எனக்கு இப்போ இருக்கிற வேலை எப்படிக் கிடைச்சதுன்னு சொல்லவே இல்லையே. காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் அவன் கம்பெனியில் ரெஃபரல் போட்டான். அதாவது சிபாரிசு. ஆளைத் தெரிஞ்சதால கிடைச்ச வேலை. எதைத் தடுக்கத்தான் அந்தக் க்யூவை வச்சோம்னு 1987-ல் கோர்ட் சொன்னதோ, அதே வழியில்தான் நான் உள்ளே வந்தேன். அப்பாவுக்கு சென்னையில் யாரையும் தெரியாது. அவருக்கு இருந்தது அந்தக் கார்டு மட்டும்தான்.

பொங்கல் முடிஞ்சு பஸ் ஏத்தி விட வந்தப்போ அப்பா கேட்டார்:

"ஏன்டா, பத்தாவது முடிச்சப்போ ஸ்கூல்லயே உனக்குப் பதிவு பண்ணிக் கொடுத்தாங்களே... அதை ரெனியூவல் பண்ணிக்கிட்டு வர்றியா?"

இல்லைன்னு சொல்ல வாய் வரலை. "ஆன்லைன்ல பண்ணிக்கிறேன்பா"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துட்டேன்.